அடிவாங்கி இறுகும் எஃகு

1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. தூண்கள் தாங்கும் அந்நிலையத்தின் முகப்பை இன்றும் காணலாம். ஆனால், அன்று அவ்வண்டியைத் தாங்கிய தண்டவாளம் எஃகால் ஆனதன்று, தேனிரும்பால் ஆனது. சக்கரங்களின் சுமையில் அது விரைவில் தேய்ந்தது. எஃகுத் தண்டவாளத்திற்கு வழிவகுத்த கண்டுபிடிப்பும் அதே 1856இல்தான் இங்கிலாந்தில் நிகழ்ந்தது.

உருகிய வார்ப்பிரும்பினூடே காற்றைச் செலுத்திக் குறைந்த செலவில் எஃகு ஆக்கும் முறையை அவ்வாண்டு ஹென்றி பெஸ்ஸமர் அறிவித்தார். அம்முறையைப் பின்பற்றிய ஆலைகளுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பழுக்கக் காய்ச்சி உருட்டும்போதே எஃகு விரிசல் கண்டது. மாங்கனீசு கலந்த வார்ப்பிரும்பைச் சிறிதளவு சேர்த்தால் அக்குறை பெரிதும் நீங்கும் என்று காட்டியவர் ராபர்ட் மஷெட்.

காரணம் இதுதான். இரும்பிலுள்ள கந்தகம் இரும்பு சல்பைடாகி, எஃகின் படிகமணிகளுக்கிடையே மெல்லிய ஏடாகப் படிகிறது. உருட்டும் சூட்டிலேயே அவ்வேடு உருகிவிடும். செங்கற்களை இணைக்கும் சாந்து உருகிப்போனால் சுவர் நிற்குமா? மாங்கனீசோ கந்தகத்தைத் தன்பால் ஈர்த்து மாங்கனீசு சல்பைடாக்குகிறது. அது 1600 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். தனித்தனி மணிகளாக ஒதுங்கியும் நிற்கும். எஃகில் கரைந்த மிகுதி ஆக்சிஜனையும் மாங்கனீசு கசடாக வெளியேற்றுகிறது. 1857இல் டார்பி நிலையத்தில் இடப்பட்ட எஃகுத் தண்டவாளம், சில மாதங்களுக்கொருமுறை மாற்றப்பட்டுவந்த இரும்புத் தண்டவாளத்தின் இடத்தில் பல ஆண்டுகள் உழைத்தது.

இவ்வரலாற்றின் சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. மாங்கனீசை ஓரளவுக்குமேல் சேர்த்தால் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் என்றே எல்லாரும் நம்பினர். ஷெபீல்டு நகரத்து இளைஞர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு, தமது இருபத்து மூன்றாம் வயதில், 1882இல், அவ்வெல்லையைத் தாண்டிச் சென்றார். மாங்கனீசு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கை எட்டியபோது, நொறுங்கவேண்டிய எஃகு வியத்தகு உறுதி பெற்றது. மற்ற எஃகைக் காய்ச்சி நீரில் தோய்த்தால் கடினமாகும். இதுவோ நெகிழ்ச்சி பெறும். காந்தமும் இதில் ஒட்டாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். இவ்வெஃகு நகர்வதில்லை, இறுகுகிறது. ஒவ்வோர் அடிக்கும் அதன் மேற்பரப்பு கடினமாக, உட்பகுதி அதிர்வைத் தாங்கும் நெகிழ்ச்சியோடு இருக்கிறது. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் சக்கரம் சிறு இடைவெளியைத் தாண்டி மோதும். அங்கே பெரிதும் பொருத்தப்படுவன இவ்வெஃகின் வார்ப்புகளே.

மாங்கனீசு இயற்கையில் தனித்துக் கிடைப்பதில்லை. பைரோலுசைட்டு, சைலோமெலேன், பிரௌனைட்டு ஆகியவை அதன் முதன்மையான கனிமங்கள். இந்தியாவில் அத்தாதுவை வெட்டியெடுக்கும் தொழில் 1890களின் தொடக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விஜயநகரம் பகுதியில் தொடங்கியது. அங்குள்ள கோடூர் என்னும் சிற்றூரின் பெயரால் ஒரு பாறைவகையே ‘கோடுரைட்டு’ எனப்படுகிறது. தாதுவைக் கல்கரியுடன் மின்வில் உலையில் உருக்கினால் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு மாங்கனீசு கொண்ட பெரோமாங்கனீசு கிடைக்கும். எஃகு ஆலைகள் வாங்குவது பெரும்பாலும் இத்தகைய கலவைகளையே. உலர் மின்கலத்தைப் பிரித்தால் கையில் ஒட்டும் கரும்பொடியிலும் மாங்கனீசு டைஆக்சைடு உண்டு. உலோகவியலைச் சாராத பயன் அது.

தாதுவின் தூள் மனிதரையும் விடுவதில்லை. இராயபுரத்து வீடுகளில் நெடுங்காலம் கரித்தூளும் தாதுத்தூளும் படிந்தன. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்படுவது 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் நின்றது. மாங்கனீசுத் தூளின் தீங்கு இன்னும் நுட்பமானது. 1837இலேயே கிளாஸ்கோ மருத்துவர் ஜான் கூப்பர், தாது அரைக்கும் தொழிலாளரின் கால்கள் தளர்ந்து நடை தடுமாறுவதைப் பதிவுசெய்தார். மூச்சுவழிச் சேரும் மாங்கனீசு மூளையைத் தாக்குகிறது. வேலையை விட்ட பின்னரும் நடுக்கமும் விறைப்பும் பலருக்கு நீங்குவதில்லை.

எஃகைப் பற்றவைக்கும் கம்பியிலும் மாங்கனீசு உண்டு. காசிமேட்டிலும் எண்ணூர்ப் பட்டறைகளிலும் பற்றவைப்போர் கண்ணுக்குக் கருங்கண்ணாடி அணிகின்றனர். மூக்கைக் காக்க எண்ணுவோர் சிலரே. திறந்தவெளியில் காற்று புகையை ஓரளவு கலைத்துவிடும். தொட்டிக்குள்ளோ படகின் அடித்தளத்திலோ குனிந்து பற்றவைப்பவருக்குப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும், அதற்கேற்ற முகமூடியும் வேண்டும்.