குளிரூட்டும் கருவியும் ஈரப்பகையும்

கோடைக்காலத்தில் மண்பானையில் வைத்த நீர் குளிர்ந்திருத்தலை யாவரும் அறிவர். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகுங்கால், அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே கவர்ந்து கொள்ளுகிறது. அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. இவ்வெளிய உண்மையே மோட்டார் ஊர்திகளில் அமைந்த குளிரூட்டும் கருவிக்கும் அடிப்படையாகும். தொழிற்சாலையிலேயே இக்கருவி பொருத்தப்பெற்ற காரை, அமெரிக்க நாட்டுப் பாக்கார்டு நிறுவனம் 1939-ஆம் ஆண்டில் மக்களுக்குக் காட்டியது.

இக்கருவியில் நீருக்கு மாறாகக் குளிர்பொருள் ஒன்று குழாய்களுக்குள் ஓயாது சுற்றி வருகிறது. பல ஊர்திகளில் வழங்கும் ஆர்-134ஏ என்னும் குளிர்பொருள், காற்றழுத்தத்தில் சுழியத்திற்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும் இயல்புடையது. கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி இவ்வாவியை அழுத்தி வெப்பமுறச் செய்கிறது. ஊர்தியின் முன்புறத்துக் கண்டென்சரில் அவ்வாவி தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு ஈந்து நீர்மமாகிறது. பின்னர் அது விரிவு வால்வின் சிறு துளை வழியே பாய்ந்து, அழுத்தம் குறைந்து, ஆவியாக்கியில் மீண்டும் ஆவியாகிறது. அவ்வமயம் ஊர்தியின் உட்காற்றிலுள்ள வெப்பத்தைக் கவர்ந்து குளிர்ச்சியை நல்குகிறது.

இச்சுற்றில் இருத்தற்குரியவை குளிர்பொருளும், அமுக்கியின் உராய்வைக் குறைக்கும் எண்ணெயுமே. குழாய் விரிசலுற்றாலோ, பழுது பார்த்தற்பொருட்டுத் திறக்கப்பட்டாலோ, காற்றும் அதனுடன் ஈரமும் உட்புகும். ஈரம் சிறிதேயாயினும் அது விளைக்கும் தீங்கு பெரிது. விரிவு வால்வின் குறுகிய துளையில் நீர் உறைந்து பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். கருவி சற்று நேரம் குளிரூட்டிப் பின்பு ஓய்ந்துவிடும். பனி உருகியதும் மீண்டும் குளிரூட்டும். மேலும் ஈரமானது குளிர்பொருளோடும் எண்ணெயோடும் கூடி அமிலங்களைத் தோற்றுவிக்கும். அவ்வமிலங்கள் உலோகத்தை உள்ளிருந்தே அரித்துத் தின்னும். அமுக்கி தேய்ந்து உடைந்ததாயின், நுண்ணிய உலோகத் துகள்கள் எங்கும் பரவிவிடும். அவற்றை நீக்காது புதிய அமுக்கியைப் பொருத்தினால், அதுவும் விரைவில் கெடும்.

ஆதலின் பழுது பார்ப்போர் முதற்கண் செய்ய வேண்டுவது தூய்மை. குளிர்பொருளை அதற்குரிய பொறியால் உறிஞ்சிக் கலத்தில் சேர்த்த பின்னரே குழாய்களைக் கழற்றுதல் வேண்டும். கழற்றிய குழாய்களிலும் ஆவியாக்கியிலும் இதற்கெனவே அமைந்த கரைப்பானைச் செலுத்தினால், பழைய எண்ணெயும் அழுக்கும் வெளியேறும். அமுக்கி, விரிவு வால்வு, உலர்த்தி ஆகியவற்றுள் கரைப்பானைச் செலுத்தலாகாது. மிகக் குறுகிய கால்வாய்கள் பல அருகருகே அமைந்த கண்டென்சரில் துகள்கள் சிக்கிக்கொண்டால், அவற்றை அகற்றுதல் அரிது. அதனை மாற்றிவிடுவதே அறிவுடைமை. இறுதியாக உலர்ந்த நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கரைப்பான் முழுவதையும் வெளியேற்றுவர். பட்டறையில் அழுத்தி வைத்த காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்குமாதலின், அஃது இப்பணிக்கு ஏற்றதன்று.

உலர்த்தி என்பது ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் மணிகள் நிறைந்த சிறு கலமாகும். அதன் மூடியைத் திறந்து வைத்தால், காற்றிலுள்ள ஈரத்தையே பருகி அது பயனற்றுப்போம். ஆகவே புதிய உலர்த்தியை இறுதியில் திறந்து, காலந்தாழ்த்தாது பொருத்துவர். எண்ணெயையும் அளந்தே இடுவர்.

உறுப்புகளையெல்லாம் பூட்டிய பின்னர், எஞ்சிய ஈரத்தை அகற்றும் முறை வியத்தற்குரியது. தீயின் துணையின்றி நீரைக் கொதிக்கச் செய்வதே அம்முறை! கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், காற்றழுத்தம் குறைந்த எவரெஸ்டுச் சிகரத்தில் சற்றேறக்குறைய 70 பாகையிலேயே கொதிக்கும். அழுத்தத்தை மேலும் குறைத்தால் என்னாகும்? கடல்மட்டக் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரச உயரமாகும். அது 32 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், 30 பாகை வெப்பமுள்ள நீரும் கொதித்து ஆவியாகும். வெற்றிடப் பம்பு குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றி அழுத்தத்தை இவ்வளவிற்கும் கீழே கொண்டு செல்கிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பம்பின் வழியே வெளியேறுகிறது. குளிர்ந்த நாள்களில் வெற்றிடம் இன்னும் ஆழ்ந்ததாக வேண்டும். 20 பாகையில் அழுத்தம் 17 மில்லிமீட்டருக்கும் கீழே செல்லுதல் இன்றியமையாதது.

இதற்குப் பொறுமை வேண்டும். அழுத்தமானியின் முள் தாழ்ந்த உடனே பணி முடிந்ததென்று எண்ணிப் பம்பை நிறுத்துதல் பிழை. காற்று விரைவில் வெளியேறும். எண்ணெயில் கலந்த ஈரமோ மெல்லவே பிரியும். பம்பை நிறுத்தி வால்வை மூடிய பின்னர் முள்ளைக் கவனித்தல் வேண்டும். முள் அசையாதிருப்பின் அமைப்பு உலர்ந்து செம்மையாக உள்ளது. சிறிது ஏறி நின்றுவிட்டால், ஈரம் இன்னும் ஆவியாகின்றதெனக் கொள்ளலாம். நில்லாது ஏறிக்கொண்டேயிருந்தால், எங்கோ துளை உளது என்பது தெளிவு. இச்சோதனையில் வென்ற பின்னரே, குறித்த எடையளவு குளிர்பொருளைச் செலுத்துவர்.

குளிர்பொருளை வெளிக்காற்றில் விடலாகாது என்பதற்கும் தக்க காரணம் உண்டு. முன்னாளில் வழங்கிய ஆர்-12 போன்ற பொருள்கள், உலகைக் காக்கும் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பதனை 1974-ஆம் ஆண்டில் மோலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் எடுத்துரைத்தனர். 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியால் உடன்படிக்கை அத்தகைய பொருள்களின் ஆக்கத்திற்கு வரம்பு விதித்தது. அதன்பின் வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. எனினும் எடைக்கு எடை ஒப்பிடுங்கால், நூறாண்டுக் காலத்தில் கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்கிற்கும் மேலாகப் புவியை வெப்பமுறச் செய்ய வல்லது. பழுது பார்க்கும் ஒருவர் கவனமின்றி வால்வைத் திறந்துவிடுதல், ஓர் ஊர்தியின் கேட்டோடு நில்லாது உலகிற்கே தீங்காய் முடியும்.

குழாயினுள் மறைந்த துளியளவு ஈரம் கண்ணுக்குத் தோன்றுவதன்று. அதனை அகற்றும் உழைப்பும் பிறர் காணத்தக்கதன்று. ஆயினும் மறைவிடத்திலும் குறைவின்றிப் பணியாற்றுவோரின் நேர்மையிலேயே பொறியின் நீண்ட வாழ்வு நிலைபெறுகிறது.