வாகனமும் நாமும் – 14
பற்றரியிலிருந்து ஒரு முழத்துக்குள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் வாங்கும் ஆசை பாதி போய்விடுகிறது. அதனால் பல்லேகல, குண்டசாலை, திகன பக்கமெல்லாம் பழைய ஆல்டோவும் விட்ஸும் வெகன் ஆரும் இன்னும் ஓடுகின்றன. புது வண்டிக்கு வழியில்லாதவர்கள் பழைய வண்டிக்குள் புதுப் பொருட்களைப் பூட்டுகிறார்கள்: அண்ட்ரொயிட் பிளேயர், ரிவர்ஸ் கெமரா, டேஷ் கெமரா, டிக்கியில் அம்பிளிபயர். பூட்டட்டும். மஹியங்கனை வீதியில் பதினெட்டு வளைவை இறங்குகிறவருக்கு டேஷ் கெமரா நல்ல சாட்சி. எனக்குள்ள கவலையெல்லாம் அந்தப் பொருட்களுக்குப் போகும் சிவப்பு வயரைப் பற்றித்தான்.

அம்பிளிபயரை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்திலேயே பியூஸ் செருகியிருக்கும். அதைக் காட்டி, "பியூஸ் இருக்கிறதே" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பற்றரி முன்னே பொனட்டுக்குள், அம்பிளிபயர் பின்னே டிக்கியில். நடுவே நாலைந்து மீற்றர் வயர், சீட்டுக்கும் காப்பெட்டுக்கும் அடியில் ஓடுகிறது. அந்த வழியில் எங்காவது வயரின் தோல் உரிந்து வண்டியின் தகட்டைத் தொட்டால், மின்சாரம் அம்பிளிபயர் வரை போகவே போகாது. தொட்ட இடத்திலேயே தகட்டுக்குள் இறங்கி பற்றரிக்குத் திரும்பிவிடும். கடைசியில் இருக்கும் பியூஸுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

அப்போது என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைச் சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், 3 மீற்றர் நீளம்: தடை ஏறக்குறைய 0.1 ஓம். 12 வோல்ற்று பற்றரி அதற்குள் 100 அம்பியருக்குக் குறையாமல் தள்ளும். 1,000 வாற்றுக்கு மேற்பட்ட வெப்பம். துணி தேய்க்கும் அயன் பெட்டி ஒன்றைக் காப்பெட்டுக்கு அடியில் போட்டு மறந்த மாதிரி. 12 வோல்ற்று ஆளை அடிக்காது என்பது உண்மை. அதை நம்பித்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆளை அடிக்காத அந்த மின்சாரம் வண்டியை எரித்துவிடும்.

ஆகவே முதல் பியூஸ் பற்றரியின் பக்கத்தில் வர வேண்டும். ஒரு முழத்துக்குள், அதாவது 45 சென்ரிமீற்றருக்குள். அதற்குப் பிறகு வயர் எங்கே உரிந்தாலும் பியூஸ் போய்விடும், வண்டி மிஞ்சும். பியூஸின் அளவை வயரின் தடிப்பைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அந்த வயர் சூடேறாமல் எவ்வளவு தாங்குமோ அதற்கு மேல் போகக் கூடாது. பொருளுக்கு அது போதவில்லையென்றால் வயரைத் தடிப்பாக்குங்கள். சிவப்பு பியூஸ் 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அடிக்கடி போகிறதென்று சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையைச் செருகுவதும், சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் காவலாளிக்கு மயக்க மருந்து கொடுக்கிற வேலை. பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கோ கோளாறு இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

வயர் உரிவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எஞ்சினுக்கும் நாம் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டின் துளை. தகட்டு விளிம்பு கத்தி போன்றது. எஞ்சின் நடுங்க நடுங்க, மேடும் பள்ளமும் குலுக்கக் குலுக்க, அது வயரை மெல்ல அறுக்கும். துளைக்கு ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள். அதன் விலை அற்பம்.

வயர் வாங்கும்போது நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்புள்ள செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்களவுதான் கடத்தும். மலிவு விலையின் இரகசியம் அது. எர்த் வயரைப் பெயின்டின் மேல் முறுக்கக் கூடாது. பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தில் இறுக்க வேண்டும்.

டேஷ் கெமராவுக்கு மின்சாரம் குறைவாகவே வேண்டும், 0.3 அம்பியர் அளவில். ஆனால் வண்டி நிற்கும்போதும் அது ஓடினால் 24 மணி நேரத்தில் 7 அம்பியர் மணிக்கு மேல் குடித்துவிடும். சின்னக் காரின் 35 அம்பியர் மணி பற்றரி மூன்று நாளில் பாதிக்கு மேல் காலி. பற்றரி 12.2 வோல்ற்றுக்கு இறங்கியதும் தானாகத் துண்டிக்கும் இணைப்புப் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியோரத் தூணுக்குள் எயார்பேக் உள்ள வண்டியானால், கெமரா வயர் அதன் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் குறுக்கே போனால் விபத்தின்போது எயார்பேக் விரிவதற்குத் தடையாகலாம். மஞ்சள் நிற இணைப்புகள் எயார்பேக்குக்கு உரியவை. அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கவே கூடாது.

அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இவற்றில் பலவற்றின் 12 வோல்ற்று பற்றரி பொனட்டுக்குள் இல்லை, பின்பக்கம் இருக்கிறது. ஆரஞ்சு நிற வயர்கள் வேறு பற்றரிக்குரியவை: முதல் தலைமுறை அக்குவாவில் 144 வோல்ற்று, பிரியஸில் 200 வோல்ற்றுக்கு மேல். அது ஆளைக் கொல்லும். ஹைபிரிட் வேலை பழகியவரைத் தவிர வேறு யாரும் அதன் பக்கம் கை கொண்டுபோகக் கூடாது.

எந்த வண்டியானாலும் வேலை தொடங்குமுன் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். கடைசியில் மாட்டுவதும் அதையே. முதலில் பொசிட்டிவ்வைக் கழற்றும்போது ஸ்பானர் தகட்டில் பட்டால் பற்றரி முழுவதும் அந்த ஸ்பானர் வழியாகப் பாயும்.

கராஜை விட்டுக் கிளம்புமுன் "பாஸ், பியூஸ் எங்கே போட்டீங்க?" என்று கேட்டு, காட்டச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். நல்ல பாஸ் கோபிக்க மாட்டார். பிறகு எல்லாப் பொருளையும் போட்டு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, பியூஸ் பெட்டியையும் இணைப்புகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் ஒன்று வயர் மெல்லியது, அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. பியூஸைக் கழற்றி வைத்துவிட்டு அன்றைக்கே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.