தொடை வழியே ஒரு வால்வு

இருதய வால்வைக் கழுவித் தயார் செய்து கொடுப்பதுதான், ரத்தக்குழாய் வழியே சிகிச்சை செய்யும் கேத் லேப்பில், என் வேலையாக இருந்தது. மருந்துத் திரவம் நிறைந்த ஜாடிக்குள் அது வரும். சீட்டில் உள்ள எண்ணையும் ஜாடியின் எண்ணையும் ஒத்துப் பார்த்த பிறகு, சலைன் ஊற்றிய ஒரு கிண்ணத்தில் ஒரு நிமிடம் அலசி, இன்னொரு கிண்ணத்தில் மறுபடியும் அலசுவோம். அதன் பிறகு ஒரு கணமும் அதைக் காய விடக்கூடாது. கிரிம்பர் என்ற கருவியின் நடுத்துளையில் வைத்துக் கைப்பிடியை மெல்ல அழுத்தினால், 26 மில்லிமீட்டர் அகலம் விரிந்திருந்த வால்வு சுருங்கிக்கொண்டே போய் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். எந்த முனை முன்னே போக வேண்டும் என்பதை இரண்டு பேர் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்வோம். தலைகீழாக ஏற்றிவிட்டால் உள்ளே போன பிறகு திருப்ப வழியில்லை.

மலாக்காவின் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள் நான். கோலாலம்பூரில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்று, இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன். கோயில் மண்டபங்களில் நம் பெரியவர்களிடம் இருதயத்தைப் பற்றிப் பேசுகிறேன். எங்கே போனாலும் வருகிற கேள்வி ஒன்று: "நெஞ்சைத் திறக்காம எப்படி மிஸ்ஸி வால்வ மாத்துறாங்க?" அதற்கு நிதானமாகப் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

இருதயத்தின் இடது கீழறையிலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கிளம்பும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. நல்ல வால்வு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். வயது ஏற ஏற சிலருக்கு இதழ்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிப் போகிறது. திறப்பு 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால் அது கடுமையான சுருக்கம். பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பைச் சுமந்து சுமந்து பால்வெட்டுக்காரரின் தோள் காய்த்துப்போவது போல, இறுகிய வாசலை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இருதயத் தசையும் தடித்துவிடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அதனால் முடியாது. நடந்தால் மூச்சு வாங்கும், நெஞ்சு இறுகும், திடீரென்று கண் இருட்டி மயக்கம் வரும்.

இந்த மூன்றில் ஒன்று வந்தாலே, அதன் பிறகு காலம் அதிகம் இல்லை. அறுவை சிகிச்சை செய்ய முடியாத நிலையில் இருந்தவர்களை வைத்து நடந்த பார்ட்னர் ஆய்வு 2010-இல் வெளியானது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 50.7 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்துவிட்டார்கள். நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியே குழாயில் கொண்டுபோய் வால்வு வைத்தவர்களில் அது 30.7 விழுக்காடு.

எங்கள் அப்பாயியை நினைத்துக்கொள்கிறேன். மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போனால், மேட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். "வயசாச்சு" என்பார், நாங்களும் அதை ஒத்துக்கொண்டோம். தோட்டத்து டிரஸ்ஸர் சத்து மருந்து கொடுத்தார். அப்பாயிக்கு வால்வுதானா என்று யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் பார்த்திருந்தாலும் நெஞ்செலும்பை வெட்டித் திறக்கும் அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. எண்பதைத் தொட்ட உடம்பு அதைத் தாங்குமா என்று மருத்துவர்களே தயங்குவார்கள்.

வேறு வழி உண்டு என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் டென்மார்க்கின் ஹென்னிங் ருட் ஆண்டர்சன். 1989-இல் அமெரிக்காவில் ஸ்டென்ட் பற்றிய ஓர் உரையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ரத்தக்குழாயை விரித்து வைக்கும் கம்பிக் கூட்டுக்குள் ஒரு வால்வையே தைத்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஊருக்குத் திரும்பி, கசாப்புக் கடையில் பன்றி இருதயம் வாங்கினார். கம்பியைத் தானே வளைத்துக் கூடு செய்து, அதே ஆண்டு மே முதல் நாள் ஒரு பன்றிக்கு வைத்துப் பார்த்தார். வால்வு வேலை செய்தது. ஆனால் அதைக் கொண்டுபோன குழாய் 41 பிரெஞ்சு. கேத்தட்டர் எனும் இந்தக் குழாய்களைப் பிரெஞ்சு என்ற அளவில்தான் சொல்வார்கள், மூன்று பிரெஞ்சு சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். 41 பிரெஞ்சு என்றால் 13 மில்லிமீட்டருக்கும் மேல். எந்த மனிதரின் தொடைத் தமனியும் அதற்கு இடம் கொடுக்காது.

அடுத்து பிரான்சின் ரூவான் நகரத்து அலென் கிரிபியே. 2002 ஏப்ரல் 16 அன்று, 57 வயது நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக இந்த முறையில் அயோர்ட்டிக் வால்வு வைத்தார். அந்த மனிதரின் கால் தமனிகள் அடைபட்டிருந்தன. அதனால் கிரிபியே 24 பிரெஞ்சு, அதாவது 8 மில்லிமீட்டர் குழாயைத் தொடைச் சிரை வழியே விட்டு, இருதயத்தின் வலது மேலறைக்குப் போய், நடுச் சுவரைத் துளைத்து இடப்பக்கம் கடந்து வால்வை நிறுத்தினார். வெகு சிலரால் மட்டுமே செய்யக்கூடிய பாதை அது. கனடாவின் வான்கூவரில் ஜான் வெப் 2005-இல் பாதையைச் சுலபமாக்கினார். நுனியை வளைத்துத் திருப்பக்கூடிய கேத்தட்டரைத் தொடைத் தமனி வழியே நேராக மேலே கொண்டுபோனார். இன்று உலகம் முழுவதும் பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்தப் பாதைதான்.

அதன் பிறகு பொறியாளர்கள் பாடுபட்டதெல்லாம் குழாயை மெலிதாக்கத்தான். 24 பிரெஞ்சு 18 ஆனது, 18 பிறகு 14 ஆனது. 14 பிரெஞ்சு என்றால் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் எனக்குப் பெரிய விஷயம். நம் பாட்டிமார் சிறிய உடம்புக்காரர்கள், அவர்களின் தொடைத் தமனியும் சிறியது. போதாதற்கு, 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு இருந்தால் கால் தமனிகளிலும் சுண்ணாம்பு படியக்கூடும். பழைய தடித்த குழாய்களின் காலத்தில் "கால் வழியாகப் போக முடியாது" என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடியவர்களுக்கு இன்று வழி திறந்திருக்கிறது.

மெலிதாக்கியது எப்படி என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். நாங்கள் பயன்படுத்திய சேப்பியன் வகை வால்வை உள்ளே விரிப்பது ஒரு பலூன், ஆனால் வால்வை அந்தப் பலூன் மேல் வைத்து அழுத்த மாட்டோம். பலூனுக்குப் பின்னால், வெறும் கேத்தட்டர் தண்டின் மேல் அழுத்துவோம். பலூனும் வால்வும் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் தடிமன் கூடுமே! இரண்டும் முன்னும் பின்னுமாகத் தொடையைக் கடந்து, பெருந்தமனியின் நேரான பகுதிக்கு வந்ததும், மருத்துவர் பலூனைப் பின்னுக்கு இழுத்து வால்வுக்குள் பொருத்துவார். வெளியுறைக் குழாயும் அப்படித்தான், வால்வு கடக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் விரிந்து கொடுத்துப் பிறகு சுருங்கிக்கொள்ளும்.

மேலே, பெருந்தமனி வளையும் இடத்தில், கைப்பிடியில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பினால் கேத்தட்டர் நுனி அந்த வளைவுக்கு ஏற்ப வளையும். தமனிச் சுவரில் உரசாமல் போவது மிக முக்கியம், உரசிச் சுண்ணாம்புத் துணுக்கு கிளம்பினால் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். பழைய வால்வின் நடுவே இடம் பார்த்து நிறுத்தியதும், தற்காலிகப் பேஸ்மேக்கர் மூலம் இருதயத்தை நிமிடத்துக்கு 180 தடவைக்கு மேல் துடிக்க வைப்போம். அந்தச் சில விநாடிகள் ரத்தம் ஏறக்குறைய வெளியேறாது, வால்வைத் தள்ளிவிடும் விசையும் இருக்காது. பலூன் விரியும், கம்பிக் கூடு பழைய இதழ்களைச் சுவரோடு ஒதுக்கி நிற்கும், பலூன் சுருங்கும். திரையில் ரத்த அழுத்தக் கோடு மறுபடி எழுந்து வரும். முன்பு மெலிந்து சோர்ந்து கிடந்த கோடு நிமிர்ந்து ஏறுவதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண் கலங்கும்.

இன்னொரு வகை, பலூன் வேண்டாத வால்வு. அதன் கூடு நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால். பனிக்கட்டி போட்ட சலைனில் முக்கினால் அது குழைந்து கொடுக்கும், அப்போதே மடக்கிக் குழாய்க்குள் ஏற்றிவிட வேண்டும். உடம்புச் சூட்டில், உறையைப் பின்னுக்கு இழுக்க இழுக்கத் தன் பழைய வடிவத்துக்குத் தானே விரியும். இடம் சரியில்லை என்று தெரிந்தால், முழுதும் விடுவதற்கு முன் மறுபடி உறைக்குள் இழுத்துக்கொள்ளக்கூடிய மாதிரிகளும் வந்துவிட்டன.

வால்வின் இதழ் எதில் செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேப்பியனில் பசுவின் இருதய உறை. நிட்டினால் வால்வுகளில் பரவலாகப் பயன்படும் எவோலட்டில் பன்றியின் இருதய உறை. அலோர் காஜாவிலிருந்து வந்த ஒரு பாட்டி சிகிச்சைக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மாட்டுத் தோலா மிஸ்ஸி? நான் அம்மனுக்கு விரதம் இருக்கிறவ." நான் சொன்னேன்: "ஆமாம் பாட்டி, மாட்டோடதுதான். வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க." அன்று மாலை மகனிடமும் பூசாரியிடமும் போனில் பேசிவிட்டு, "மாடு உசிர் குடுத்துக் காப்பாத்துது, நான் வேணாம்னு சொல்ல யாரு?" என்று கையெழுத்துப் போட்டார். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் மதித்திருப்போம். ஆனால் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது, ஆபரேஷன் அறை வாசலில் கேட்கும் கேள்வி அல்ல இது.

இது எல்லாருக்கும் உரிய சிகிச்சை என்றும் சொல்ல மாட்டேன். பக்கவாதம், கால் தமனியில் ரத்தக்கசிவு, வால்வின் ஓரத்தில் கசிவு, நிரந்தரப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிய நிலை ஆகிய ஆபத்துகள் உண்டு. முன்கூட்டி எடுக்கும் சிடி ஸ்கேனுக்கு ஏற்றும் சாயம் பலவீனமான சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தலாம். விலங்குச் சவ்வு காலப்போக்கில் தேயும். அதனால் வயது குறைந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையில் வைக்கும் உலோக வால்வு இன்றும் தேவைப்படுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990-இல் முதல் நோயாளிக்கு வைத்த சித்ரா வால்வு அந்த வகையைச் சேர்ந்தது. உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். எது யாருக்கு என்பதை இருதய மருத்துவரும் அறுவை நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வார்கள்.

செலவுதான் நம் குடும்பங்களை மலைக்க வைக்கிறது. வால்வும் அதன் கேத்தட்டரும் மட்டுமே பல பத்தாயிரம் ரிங்கிட். குஜராத்தின் வாபியில் மெரில் நிறுவனம் செய்யும் மைவால் 2018-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. 768 நோயாளிகளை வைத்து நடந்து 2024-இல் வெளியான லேண்ட்மார்க் ஆய்வில், சேப்பியனுக்கும் எவோலட்டுக்கும் அது குறைந்ததல்ல என்று தெரிந்தது. தயாரிப்பாளர்கள் கூடினால் விலை இறங்கும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. இப்போதைக்கு, அரசாங்க மருத்துவமனையின் மருத்துவச் சமூகநல அதிகாரியைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரின் சிகிச்சைக்காகப் பிள்ளைகள் தங்கள் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கும் வழி இருக்கிறதா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு படி இருக்கிறது: நோயைக் கண்டுபிடிப்பது. அதில்தான் நாம் தடுக்கி நிற்கிறோம். 1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகத்துக்கென்று நட்டார். அந்தத் தொழிலுக்காக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று எழுபது, எண்பது வயது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். மாதம் தவறாமல் சர்க்கரை மாத்திரை வாங்க கிளினிக்குக்குப் போகிறவர்கள்கூட, மூச்சு வாங்குவதை மருத்துவரிடம் சொல்வதில்லை. சுருங்கிய வால்வின் இரைச்சல் ஸ்டெதஸ்கோப்பிலேயே கேட்கும். சந்தேகம் வந்தால் எக்கோ ஸ்கேன் வலியில்லாமல் உறுதி செய்துவிடும்.

அடுத்த தடவை அப்பா, அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது நீங்களும் உள்ளே போங்கள். போன வருஷம் நடந்த தூரம் இந்த வருஷம் நடக்க முடிகிறதா, படியேறினால் நெஞ்சு இறுகுகிறதா, எப்போதாவது மயக்கம் வந்ததா என்று மருத்துவர் முன்னாலேயே அவர்களிடம் கேளுங்கள். ஒன்றுக்காவது ஆமாம் என்று பதில் வந்தால், "டாக்டர், நெஞ்சில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், எக்கோவுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.