வரியோடிய எஃகுக் கத்தியும் தோலுரிக்கும் முறையும்

இறந்த மாட்டினால் குடியானவருக்குக் கிடைக்கும் கடைசி வருமானம் அதன் தோலே. அத்தோலின் மதிப்பைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் உரிக்கும் கத்தியாகும். உட்புறத்தில் கத்தி ஆழப் பதிந்த இடம் பச்சைத் தோலில் எளிதில் புலப்படாது; பதனிட்ட பின்னரே வெட்டாகவோ துவாரமாகவோ வெளிப்பட்டுத் தோலின் தரத்தைத் தாழ்த்திவிடும்.

நீரலை போன்ற வரிகளையுடைய கைவேலைக் கத்திகள் இதற்கென விற்கப்படுகின்றன. இவ்வரிகள் இருவகைப்படும். முற்காலத்தில் தென்னிந்தியாவில் இரும்பையும் கரிப்பொருளையும் மண்மூசையில் அடைத்து உருக்கி எஃகு செய்தனர். நூற்றுக்குச் சுமார் 1.5 பங்கு கரியுள்ள அவ்வெஃகை அடித்து நீட்டும்போது வரிகள் தாமே தோன்றின. 1795-ல் ஜார்ஜ் பியர்ஸன் என்பார் அதனை ஆராய்ந்து லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். இக்காலத்துக் கத்திகளில் பெரும்பாலானவை வேறு வகையின. கரி மிகுந்த எஃகுத் தகட்டையும் நிக்கல் கலந்த எஃகுத் தகட்டையும் மாறிமாறி அடுக்கி, வெண்காரம் தூவிக் காய்ச்சி, ஒன்றாக அடித்து மடிக்கின்றனர். முடிவில் இரும்புக் குளோரைடுக் கரைசலில் தோய்த்தால் முன்னது கறுக்கும். நிக்கல் எஃகு வெண்மையாக நிற்கும்.

வரி அழகேயன்றி வெட்டும் திறனன்று. திறன் பதமேற்றுவதிலேயே உளது. காந்தம் பற்றாத அளவுக்குச் செம்மையாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த அலகின்மீது அரம் வழுக்கிச் செல்லவேண்டும். பின்னர் வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டினாலன்றி அலகு எளிதில் ஒடியும்.

உரிகத்தியின் அலகு 4 அல்லது 5 அங்குல நீளமும், வளைந்த வயிறும், மழுங்கிய நுனியும் உடையதாயிருத்தல் நன்று. கூர்நுனி தோலைக் குத்தும். வயிற்றின் நடுவிலும் கால்களின் உட்புறத்திலும் நேராகக் கீறிய பின்னர், தோலை இழுத்தும் முட்டியால் தள்ளியும் பிரிக்கவேண்டும். பிரியாத இடத்தில் மட்டுமே கத்தியை உபயோகிக்கலாம். உரித்த தோலை உடனே நிழலில் விரித்து, ஊன்புறத்தில் தோலின் எடையில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் உப்பைத் தேய்க்கவேண்டும். கத்தியைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசிவைக்கவேண்டும். தோலுறையிலேயே விட்டுவைத்தால் ஈரம் பற்றித் துருவேறும்.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளதால், நம் நாட்டில் இக்கத்திக்குரிய வேலை பட்டிக் கால்நடைகளிடத்திலேயே உளது. அங்கும் கத்தி வைக்கலாகாத சவம் ஒன்றுண்டு. திடீரென இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றினின்று உறையாத கறுத்த இரத்தம் கசியும் மாட்டுக்கு அடைப்பான் நோய் கண்டிருக்கலாம். அதைக் கீறினால் கிருமிகள் காற்றுப்பட்டு வித்துக்களாக மாறிப் பல ஆண்டுகள் மண்ணில் தங்கும்; கையிலுள்ள சிறு காயத்தின் வழியே மனிதனையும் பற்றும். உரிக்கச் சொல்பவர் மாட்டுக்குடையவர். ஆபத்துக்குள்ளாவது கத்தி பிடித்த தொழிலாளியின் கை. ஆதலால் மாட்டுக்குடையவர் சவத்தைத் தொடவிடாது காத்துக் கால்நடை வைத்தியருக்குச் செய்தி அனுப்பவேண்டும். வைத்தியர் கூறும் முறைப்படி எரிப்பதற்கோ, 6 அடிக்குக் குறையாத ஆழத்தில் புதைப்பதற்கோ கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்தல் கடமையாகும். ஒரு தோலின் விலைக்காக ஓர் உயிரைப் பணயம் வைத்தல் தகாது.