ஆர்னோவுக்கு என்ன பீட்ஸா பிடிக்கும்?

பெயர் ஜூம்பினி. நீல நிறத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள். சொந்தத் தீவை ப்ளோட் என்கிற பேராசைக் கூட்டம் ஏமாற்றிப் பிடுங்கிக்கொள்ள, புது ஊர் தேடிக் கிளம்புகின்றன. ஒரு தடவைக்குப் 16 பேர். வழியில் 12 இடங்களில் மறியல். சாலை மறியல் இல்லை ஸார், மூளை மறியல்!

'லாஜிக்கல் ஜர்னி ஆஃப் தி ஜூம்பினிஸ்' என்ற இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு 1996-ல் அமெரிக்காவில் வெளியானது. டெர்க் என்ற கல்வி நிறுவனத்தில் கிறிஸ் ஹான்காக், ஸ்காட் ஆஸ்டர்வைல் என்ற இருவர் உருவாக்க, பிராடர்பண்ட் கம்பெனி விற்றது. 2015-ல் புது மெருகோடு டாப்லெட்டுக்கும் வந்தது. ஒன்பது வயசுப் பேத்திக்காக ஏற்றி வைத்தேன். இப்போது டாப்லெட் யார் கையில் என்பதில் வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

முடி, கண், மூக்கு, கால் என்று ஜூம்பினிக்கு நாலு அடையாளம். ஒவ்வொன்றிலும் ஐந்து தினுசு. ஒருத்தனுக்கு ஸ்பிரிங் கால், இன்னொருத்தனுக்குச் சக்கரம். ஒருத்தன் கூலிங்கிளாஸ், ஒருத்தன் தூங்குமூஞ்சி. ஐந்தை நாலு தடவை பெருக்கினால் 625 முகங்கள். கையிருப்பு இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எத்தனை விதமாகப் படுத்துகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

முதல் இடத்தில் இரண்டு பாலம், இரண்டு மலைமுகம். இரண்டுக்கும் அலர்ஜி! ஒரு மலைக்கு, உதாரணமாக, சிவப்பு மூக்கு ஆகாது. ஆகாதவன் பாலத்தில் கால் வைத்தால், 'ஹச்!' ஆள் பறந்து வந்து விழுவான். பாலத்தைப் பிடித்திருக்கும் ஆறு ஆணிகளில் ஒன்று கழன்றுவிடும். எது ஆகாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நமக்கு உடம்பு அரித்தால் முதலில் கத்திரிக்காயை நிறுத்து, அப்புறம் கருவாட்டை நிறுத்து என்பார்களே, அதே வைத்தியம்தான். ஒரே சமயத்தில் இரண்டையும் நிறுத்தினால் குற்றவாளி யாரென்று தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தவன் ஆர்னோ. மரத்தில் முளைத்த பூதம். பீட்ஸா கொடுத்தால்தான் வழி விடுவான். மேலே தூவ ஐந்து சாமான் என்று வையுங்கள். சேர்த்தும் விட்டும் பார்த்தால் 31 விதம் வரும். வாய்க்கு வந்தபடி கொடுத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். ஆனால் பயல் சும்மா 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. போட்டதெல்லாம் பிடித்து, இன்னும் குறைந்தால் 'இன்னும் போடு' என்பான். பிடிக்காதது ஒன்று இருந்தாலும் தட்டோடு எறிவான். ஆக, ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியது. எறிந்தால் கடைசியாகப் போட்டதை எடுக்க வேண்டியது. அதிகபட்சம் ஐந்தாவது பீட்ஸாவில் ஆள் அவுட். கஷ்டம் ஏறும்போது மரபூதம் மூன்றாகும். ஐஸ்கிரீம் வேறு கேட்பார்கள்!

அடுத்து படகு. பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு ஓர் அடையாளமாவது ஒத்துப்போக வேண்டும். கல்யாணப் பந்தியில் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளை உட்கார வைத்த அனுபவம் இருப்பவர்களுக்கு இது ஜுஜுபி. இன்னோர் இடத்தில் ஹோட்டல். வரிசைக்கு ஒரு விதி, பத்திக்கு ஒரு விதி என்று ரூம் ஒதுக்க வேண்டும். சேற்று உருண்டை எறிகிற சுவர் மட்டும் எனக்குச் சுவைக்கவில்லை. வடிவத்தையும் கலரையும் பிடித்துவிட்டால் அப்புறம் வெறும் உழைப்புதான்.

இத்தனையிலும் ஒரு கூட்டல் கழித்தல் கணக்குக் கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஆனால் நடப்பது முழுக்கக் கணக்குதான். ஊகி, சோதி, விலக்கு, மறுபடி ஊகி. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர் செய்வதும் இதைத்தானே?

குறையும் உண்டு. குழந்தை முழித்துக்கொண்டு உட்கார்ந்தால் கைகொடுக்க மாட்டார்கள். முழுக் கூட்டமும் தொடர்ந்து தப்பித்தால் கஷ்டம் தானாகவே ஒரு படி ஏறிவிடும். நேற்று பலித்த தந்திரம் இன்று பலிக்காது. பொறுமை இல்லாத பிள்ளை அழுதுவிடும்.

என் பேத்தி அழவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். போன வருஷம் வகுப்பில் ஒரு கணக்குக்குத் தப்பாகப் பதில் சொல்லி, எல்லோரும் சிரித்ததிலிருந்து கை தூக்குவதையே நிறுத்திவிட்ட பெண். நோட்டில் பதில் எழுதுமுன் நாலு தடவை என் முகத்தைப் பார்ப்பாள். இங்கேயோ, வேண்டுமென்றே ஒருவனைத் தப்பான பாலத்தில் அனுப்பினாள்.

"ஏண்டீ, அதான் தும்மும்னு தெரியுமே?"

"தெரியாது தாத்தா. பச்சை மூக்குன்னு நினைக்கிறேன், கண்ணாவும் இருக்கலாம். தும்மினாத்தானே தெரியும்?"

தும்மியது. ஆணி ஒன்று போயிற்று. அவள் கண்டுகொள்ளவே இல்லை. "மூக்கு இல்லே, கண்ணு!" என்று மீதிப் பேரை மளமளவென்று அனுப்பிவிட்டாள்.

தோற்றால் ஜூம்பினி செத்துப்போவதில்லை. பின்தங்கியவன் தீவிலோ, வழியில் இருக்கும் கூடாரத்திலோ காத்திருப்பான். மறுபடி போய் அழைத்து வரலாம். போன வாரம் அப்படி ஒருவன், ஒற்றைக்கண், சக்கரக்கால், கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டான். 15 பேர் புது ஊர் சேர்ந்தாயிற்று, மணி ஒன்பதரை, மறுநாள் பரீட்சை. "போதும், படு" என்றாள் அவள் அம்மா.

"ஒருத்தன் தனியா நிக்கறாம்மா..."

நான் டாப்லெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் தூங்கினதும் நானே முயன்று பார்த்தேன். பதினொன்றே கால் வரைக்கும் அவன் அங்கேயேதான் நின்றான்.