தாய் தொழில் என்ற கட்டம்

போன மாதம் சின்னாளப்பட்டிக்குப் போயிருந்தேன். அக்கா மகள் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். தந்தை தொழில்: நெசவு. தாய் தொழில்?

"மாமா, அம்மாவுக்கு என்ன போட?"

"இல்லத்தரசின்னு போடு" என்றேன், யோசிக்காமல்.

"அப்ப விடியக்காலைல இருந்து ராட்டைல உக்காந்திருக்கிறது யாரு?"

தறி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூலை ராட்டையில் சின்னக் குழலில் சுற்றி, நாடாவுக்குள் வைக்க வேண்டும். அதுதான் தார். அது தீர்ந்தால் அடுத்தது கையில் வரும்வரை தறி சும்மா நிற்கும். கூலி வருவதோ சேலைக் கணக்கில், நெய்தவர் பேரில். வீட்டுக்குள் தாருக்குத் தனிக்கூலி யார் கேட்பது?

அன்றிரவு செல்போனில் 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பைத் தேடிப் படித்தேன். கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கு மேல். அதில் நெசவாளர் சுமார் 26.7 லட்சம், மீதிப்பேர் தார் சுற்றுவது, பாவு ஓட்டுவது மாதிரி வேலை செய்யும் துணைத் தொழிலாளர். அரசாங்கக் கணக்கில் அக்காவுக்கு ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. தார் சுற்றும் சத்தத்தில் வளர்ந்த எனக்குத்தான் அது தோன்றவில்லை.

அதற்குள் அவள் 'நெசவு' என்றே எழுதியிருந்தாள். மச்சான் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அக்காதான், "எதுக்குடி இதெல்லாம், ஸ்காலர்ஷிப்ல ஏதாவது சிக்கல் வந்துறப் போகுது" என்றாள்.