கால்மாட்டில் தொங்கும் எடை

பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்னும் செய்தி, நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையேனும் காதில் விழுவதுண்டு. சென்ற மழைக்காலத்தில் மாட்டுங்காவில் நமக்கு மிகவும் வேண்டிய குடும்பம் ஒன்றில் அது நேர்ந்தது. பாட்டியாருக்குத் தொடை எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஒரு நிலைக்கு வரும்வரை அறுவைக்கு மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்றனர் மருத்துவர்கள். அதுவரை காலுக்குப் பட்டி சுற்றி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த கப்பியின் வழியே மூன்று கிலோ எடையைத் தொங்கவிட்டனர்.

இரண்டாம் நாள் இரவு அவருக்குப் பாதம் மரத்துப்போயிற்று. எலும்பு முறிந்தால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று அவர் எண்ணிக்கொண்டார். இரவுப் பணியிலிருந்த தாதி இருமுறை வந்து, "டீக் ஹை?" என்று அன்போடு கேட்டாராம். பாட்டியாருக்குத் தெரிந்த இந்திச் சொல்லும் அது ஒன்றுதான். "டீக், டீக்" என்று தலையசைத்துவிட்டார். காலையில் மகன் வந்து பார்த்தபோது, கட்டை விரலை மேல்நோக்கி உயர்த்த அவரால் இயலவில்லை. பட்டியின் மேல்விளிம்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், நரம்பு ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது; ஆனால் தொங்கிய பாதம் நிமிர ஐந்து மாதங்கள் ஆயின.

குறை சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. நோயாளியின் அருகில் முக்காலியில் அமர்ந்திருப்பவர்கள் நாமே அல்லவா? அந்தக் கயிறும் எடையும் எதற்கு, அவற்றை எப்படிக் கட்டுகிறார்கள், எப்படி அவிழ்க்கிறார்கள் என்று அறிந்திருந்தால், நம் கண்ணும் ஒரு காவலாக இருக்கும் என்பதே நம் நோக்கம்.

தொடைத் தசைகள் மிக்க வலிமையுடையவை. எலும்பு முறிந்ததும் அவை சுருங்கி இழுக்க, முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கால் குட்டையாகிறது; ஒவ்வொரு துடிப்பிலும் உயிர் போகும் வலி. ஓயாது ஒரே திசையில் இழுத்துக்கொண்டிருந்தால் தசை களைத்து இளகும், முனைகள் நேர்ப்படும், வலியும் தணியும். இழுவைச் சிகிச்சையின் இரகசியம் இவ்வளவுதான். ஆனால் எடை காலை இழுக்கும்போது உடல் முழுதும் கீழே சறுக்கி வந்துவிட்டால் இழுவை ஏது? ஆகையால் கட்டிலின் கால்மாட்டை மரக்கட்டைகள் வைத்து உயர்த்துகிறார்கள். உடலின் கனமே எதிர் இழுவை ஆகிறது. தலை தாழ்ந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டுத் தலையணைகளை அடுக்குவதும், கட்டைகளை எடுக்கச் சொல்வதும் நம்மவர் வழக்கம். அது சிகிச்சையையே குலைத்துவிடும்.

நியூயார்க் மருத்துவர் கர்டன் பக் 1861-இல் விவரித்த முறைதான், தோலின் மேல் பட்டியிட்டு இழுக்கும் இம்முறைக்கு இன்றும் பெயராக நிற்கிறது. லிவர்ப்பூலில் தொழில் புரிந்த ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டி வந்த குடும்பத்தில் பிறந்தவர்; நம் நாட்டுக் கட்டு வைத்தியர் பரம்பரை நினைவுக்கு வருகிறது. அவர் வகுத்த வளையச் சட்டத்தை, மருமகனான ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரின்போது படை மருத்துவத்தில் பரப்பினார். தொடை முறிந்து மடிய வேண்டிய எத்தனையோ வீரர்கள் அதனால் பிழைத்தார்கள். 1907-இல் ஸ்விட்சர்லாந்தின் ஸ்டைன்மன் எலும்பிலேயே ஊசி செருகி இழுக்கும் வழியைக் காட்டினார். பின்னர், 1939-இல் ஜெர்மானியரான குண்ட்ஷர் எலும்பின் உட்குழலில் உலோக ஆணியைப் பொருத்தினார். அதன் வழியே வளர்ந்த அறுவை முறைகளால், மாதக்கணக்கில் கயிற்றில் கிடந்த காலம் பெரும்பாலும் மறைந்தது. இன்று வயதுவந்தோருக்கு இழுவை பெரிதும் அறுவைக்கு முன்பான சில நாட்களுக்கே. இடுப்பையொட்டிய முறிவுக்கு எல்லோருக்கும் வழக்கமாக இழுவை இடுவதால் தெளிவான பயன் இல்லை என்று ஆய்வுகள் கூறுவதால், பல மருத்துவமனைகள் அதைக் கைவிட்டும் விட்டன.

இனிக் கட்டும் முறை. இதற்கு இருவர் வேண்டும். முதலில் தோலைப் பார்ப்பார்கள். புண், கொப்புளம், வெடிப்பு இருந்தாலோ, இரத்த ஓட்டம் குன்றிய கால் என்றாலோ, தோலிழுவை ஆகாது. மருத்துவரிடம் சொல்லியே மேற்செல்ல வேண்டும். பாதத்தின் நாடித் துடிப்பு, விரல்களின் நிறம், சூடு, அசைவு, உணர்ச்சி ஆகியவற்றைக் கட்டுவதற்கு முன்னரே குறித்துக்கொள்வர். முன்னிலை தெரியாவிட்டால் பின்னிலையை எதனோடு ஒப்பிடுவது?

ஒருவர் கணுக்காலைப் பற்றி மெல்ல, விடாது இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் வேலையைச் செய்வார். கணுக்கால் முண்டுகள் இரண்டுக்கும் பஞ்சணை வைக்கப்படும். காலின் இருபுறமும் பட்டை ஓடி, உள்ளங்காலுக்குக் கீழே ஒரு சிறு பலகையில் சேரும். பாதம் தடையின்றி மடங்கி நிமிர அங்கே இடைவெளி இருக்க வேண்டும். பின்பு கணுக்காலுக்கு மேலிருந்து தொடங்கி, சுருக்கமும் மடிப்பும் விழாமல், மேல்நோக்கிப் பட்டியைச் சுற்றுவர். முழங்காலுக்குக் கீழோடு நிறுத்தும் முறையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் தடவிப் பார்த்தால் ஓர் எலும்பு முண்டு கையில் தட்டுப்படும். பாதத்தை நிமிர்த்தும் நரம்பு அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு வெகு அருகில் செல்கிறது. பட்டியின் விளிம்பு அங்கே ஏறக்கூடாது. கால் வெளிப்புறமாகச் சாய்ந்து படுக்கையில் அவ்விடம் அழுந்தவும் கூடாது. பாட்டியாருக்கு வந்த துன்பம் இந்த இரண்டு விரற்கடை இடத்தில்தான் வந்தது.

எடையைத் திடுமெனத் தொங்கவிடாமல், கையில் தாங்கி மெல்ல மெல்ல இறக்குவார்கள். எவ்வளவு என்பது மருத்துவர் எழுதிக்கொடுப்பது. தோலின் மேல் பொதுவாக இரண்டு மூன்று கிலோ. ஐந்துக்கு மேல் தோல் தாங்காது. ஊசி செருகிய இழுவைக்குத்தான் அதற்கும் அதிகம். எடை தரையையோ கட்டிலையோ தொடக்கூடாது. முடிச்சு கப்பியில் சிக்கக்கூடாது. போர்வை கயிற்றின்மேல் அழுந்தக்கூடாது. கிணற்றுக் கப்பியில் கயிறு தடம் மாறினால் குடம் ஏறாது என்பதை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? குதிகால் படுக்கையில் படாதிருக்கக் கெண்டைக்காலின் கீழ் மெத்தென்ற தாங்கல் வைப்பர். படுக்கை விரிப்பை மாற்றும்போது "சற்றே எடையைத் தூக்கிப் பிடியுங்கள்" என்று யாரேனும் சொன்னாலும், தாதியைக் கேளாமல் தொடாதீர்கள்.

கட்டிய அரை மணிக்குள் ஒருமுறையும், முதல் நாள் மணிக்கொரு முறையும் விரல்களைப் பார்ப்பது நல்லது. நிறம் வெளிறினாலும் நீலம் பாய்ந்தாலும், குளிர்ந்தாலும், மரத்தாலும், கட்டை விரல் மேலே எழாவிட்டாலும் உடனே அழைக்க வேண்டும். மருந்துக்கும் அடங்காது ஏறிக்கொண்டே போகும் வலி, அதிலும் விரலைப் பிறர் மெல்ல நிமிர்த்தும்போது சுரீரென்று வெட்டும் வலி, ஒரு நாழிகையும் பொறுக்கத் தக்கதன்று.

அவிழ்ப்பதும் அதே பொறுமையோடுதான். மருத்துவர் ஆணையின்றி அவிழ்ப்பதில்லை. ஒருவர் கையால் காலை இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் எடையைத் தாங்கி மெல்ல உயர்த்திக் கழற்றுவார். பின்னர்ப் பட்டி. ஒட்டும் பட்டையாக இருந்தால், தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, எண்ணெய் தொட்டு, சிறிது சிறிதாக உரிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் முதியவரின் தோல் கூடவே வந்துவிடும். எலும்பூசியை எடுப்பது மருத்துவர் வேலை. வெளியே நீண்டிருந்த முனையின் அழுக்கு எலும்புக்குள் செல்லாதிருக்க முதலில் அதைத் தூய்மை செய்து, பின்னரே உருவுவார்கள். வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவி ஒற்றித் துடைத்து, குதிகாலும் கணுக்காலும் சிவந்துள்ளனவா என்று பார்ப்பர்.

இங்கே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டு நீங்கிய கால் மெலிந்து உலர்ந்து கிடப்பதைக் கண்டதும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாதீர்கள். அசையாது கிடந்த காலின் சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். கெண்டைக்காலை நீவினால் அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமேயன்றி நீவக்கூடாது.

பாட்டியார் இப்போது ஊரில் இருக்கிறார். கோலை ஊன்றிக் கோயில்வரை நடக்கிறார். அவர் வீடு திரும்பிய அன்று அவருடைய மருமகள் ஒரு சீட்டு எழுதினார். ஒரு பக்கத்தில் தமிழ். எதிரே அதன் பொருள் தரும் இந்தி, தமிழ் எழுத்தில். "கால் மரத்துவிட்டது — பைர் சுன்ன ஹோ கயா." "விரல் அசையவில்லை — உங்லி நஹீ ஹில் ரஹீ." "கட்டு இறுக்கமாக இருக்கிறது — பட்டீ டைட் ஹை." சென்ற வாரம் அதே தெருவில் வேறொருவரின் தந்தையார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அந்தச் சீட்டை இரவல் வாங்கிச் சென்றிருக்கிறார்கள்; இன்னும் திரும்பி வரவில்லை.